கல்லீரலின் வளர்ச்சியும் டாக்டர் நெல்ஸன் பௌஸ்டோவின் ஆராய்ச்சியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது சங்கத்தின் கூட்டங்களில் கல்வி, விவாகம், கைத்தொழில், தர்ம பரிபாலனம் ஆகிய விஷயங்களைக் குறித்து அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். இன்று யாம் பேசப் புகுவது, நம் உடலினுள்ளே ஓசையின்றி உழைத்துக் கிடக்கும் கல்லீரல் என்னும் உறுப்பைப் பற்றியும், அவ்வுறுப்பு எவ்வாறு வளர்கின்றது என்பதை அறிவதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் நெல்ஸன் பௌஸ்டோ என்னும் பேரறிஞரைப் பற்றியும் ஆகும். அவர் பிரேஸில் தேசத்திற் பிறந்தவர். அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பணிபுரிந்து, 2012-ஆம் ஆண்டிற் காலஞ்சென்றவர்.

கடல் கடந்த தேசத்து அறிஞர் ஒருவருக்கும் நமது சங்கத்துக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். கூறுவோம். ஈரல் நோய் முற்றிய வீட்டில் இக்காலத்து இரண்டு சொற்கள் வந்து புகுகின்றன. ஒன்று வைத்தியர் கூறுவது: "உறவினர் ஒருவர் தம் ஈரலில் ஒரு பாகத்தை ஈந்தால் நோயாளி பிழைப்பார்; ஈந்தவருக்கும் அது மீண்டும் வளர்ந்துவிடும்" என்பது. மற்றொன்று விளம்பரத்தால் வருவது: "கத்தி வேண்டுவதில்லை, ஸ்டெம் ஸெல்லை உட்செலுத்தினால் கெட்ட ஈரலே புதிதாகிவிடும்" என்பது. இவ்விரண்டும் செவிக்கு ஒன்றுபோலவே இனிக்கின்றன. ஆனால் முன்னது பெரும்பாலும் உண்மை, முழுதும் சொல்லப்படாத உண்மை. பின்னதோ இன்றளவும் மெய்ப்பிக்கப்படாதது. இவற்றைப் பகுத்தறியாத குடும்பம் ஒரு பக்கம் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி உயிரை இழக்கின்றது. மற்றொரு பக்கம் நம்ப வேண்டாததை நம்பிப் பொருளை இழக்கின்றது. எம்மிடம் யோசனை கேட்டு வந்தோருள் இரு வகையினரையும் கண்டிருக்கின்றோம். பொன்னையும் பித்தளையையும் பிரித்துக் காட்டும் உரைகல் போல இவ்விஷயத்தில் நமக்கு உதவுவது டாக்டர் பௌஸ்டோவின் ஆராய்ச்சியே. ஆதலின் அதனை நம் குடும்பத்தார் யாவரும் விளங்கிக்கொள்ளுதல் நலமென எண்ணினோம்.

முதற்கண் ஈரலின் இயல்பைச் சிறிது காண்போம். வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நாம் உண்ட உணவின் சாரம் குடலினின்று இரத்த வழியே முதலில் அங்கேதான் செல்கின்றது. சர்க்கரையைச் சேமித்து வேண்டும்போது ஈவதும், பித்தநீரைச் சுரப்பதும், காயத்தில் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களைச் செய்வதும், நஞ்சினை முறித்துக் கழிப்பதும் அதன் தொழில்கள். இத்தனை தொழில்களையும் இடைவிடாது செய்துகொண்டே, தன்னில் ஒரு பாகம் அழிந்தால் மீண்டும் தன் அளவுக்கு வளர வல்லது அவ்வுறுப்பு. நம் இருதயத்துக்கும் மூளைக்கும் இந்த ஆற்றல் இல்லை.

இந்த வளர்ச்சியை மக்கள் பலவாறு எண்ணிக்கொள்கின்றனர். பல்லியின் அறுந்த வால் முளைப்பதுபோல என்பர் சிலர். வெட்டிய முருங்கை துளிர்ப்பதுபோல என்பர் சிலர். இரண்டும் பொருந்தா. வெட்டிய இடத்தில் ஈரல் துளிர்ப்பதில்லை. நீக்கப்பட்ட மடல் நீங்கியதே. எஞ்சிய மடல்களே பருத்து, உடலுக்கு வேண்டிய மொத்த அளவை எட்டுகின்றன. நான்கு சகோதரர் உழுதுண்ட குடும்பத்தில் இருவர் இறந்தாராக, இறந்தவர் மீண்டும் வருவதில்லை. எஞ்சிய இருவரின் கிளை பெருகி, அந்நிலம் முழுவதையும் உழுகின்றது. ஈரலின் வளர்ச்சியும் இத்தகையதே. இவ்வுவமையை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர்க் கூறப்போவன பலவும் இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

இனி அறிஞரின் வரலாற்றுக்கு வருவோம். நெல்ஸன் பௌஸ்டோ 1936-ஆம் ஆண்டிற் பிறந்தார். வெளிநாட்டினின்று பிரேஸிலிற் குடியேறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். உடன்பிறந்தோர் மூவர், மூவரும் கல்வியால் உயர்ந்தனர். மூத்தவர் போரிஸ் பௌஸ்டோ பிரேஸில் தேசத்தின் சரித்திரத்தை எழுதிப் புகழ்பெற்றவர். நடுவர் ரூய் பௌஸ்டோ தத்துவ சாஸ்திரத்தில் வல்லவர். இளையவரே நாம் பேசும் நெல்ஸன். புதிய நாட்டிற் குடியேறிய ஒரு குடும்பம் பிள்ளைகளுக்குக் கல்வியைச் செல்வமாக வைத்ததன் பயனை இம்மூவரிடத்துக் காண்கின்றோம். நம்மவரும் இதனைக் கருத்திற் கொள்ளத் தக்கது.

சாவோ பாவுலோ ஸர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று பட்டம் பெற்ற அவர், 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். விஸ்கான்ஸின் ஸர்வகலாசாலையில் வான் லாங்கர் என்னும் ஆசிரியரிடம் ஆராய்ச்சி கற்றார். ஈரலின் வளர்ச்சி அங்கேதான் அவருக்கு வாழ்நாட் பொருளாயிற்று. 1965-லேயே, வளரும் ஈரலில் உயிரணுக்கள் தம் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.-வைப் பிரதி செய்வதற்கு உதவும் நொதிகளைக் குறித்து அவ்வாசிரியரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னர் பிராவிடன்ஸ் நகரத்திலுள்ள பிரௌன் ஸர்வகலாசாலையிற் பல்லாண்டு பணியாற்றி, பத்தாலஜி என்னும் நோய்க்குறி நூல் துறைக்குத் தலைவரானார். 1994-ல் ஸியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஸர்வகலாசாலைக்குச் சென்று அங்கும் அத்துறையின் தலைமை பூண்டார். இடம் மாறியபோதும் அவர் எடுத்த பொருள் மாறவில்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று தாவாமல் ஒரே கிணற்றை ஆழத் தோண்டியவர் அவர்.

அவர் தோண்டத் தொடங்குமுன் அக்கிணறு எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1931-ல் ஹிக்கின்ஸ், ஆண்டர்ஸன் என்னும் இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பாகத்தை நீக்கும் முறையை விளக்கமாக எழுதிவைத்தனர். எலியின் ஈரல் தனித்தனி மடல்களாக இருத்தலின், எஞ்சிய மடல்களுக்குக் காயமின்றிச் சில மடல்களைக் கட்டி எடுத்துவிடலாம். அவ்வாறு எடுத்தபின் ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களில் எலியின் ஈரல் தன் பழைய எடையை அடைகின்றது. 1967-ல் மூல்டன் என்பாரும் நான்ஸி பூக்கர் என்னும் அம்மையாரும் இரண்டு எலிகளின் இரத்தம் ஒன்றோடொன்று கலந்து ஓடுமாறு செய்து, ஓர் எலியின் ஈரலை வெட்டினால் வெட்டப்படாத மற்றோர் எலியின் ஈரலும் வளர முயல்வதைக் காட்டினர். இதனால் வளர்ச்சிக்குரிய ஏதோ ஓர் ஏவல் இரத்தத்தின் வழியே செல்கின்றது என்பது தெளிவாயிற்று. அந்த ஏவல் யாது? அதனைக் கேட்ட உயிரணு உள்ளே யாது செய்கின்றது? வேண்டிய அளவு வளர்ந்தபின் எவ்வாறு நிற்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடியோருள் முன்னணியில் நின்றவர் பௌஸ்டோ.

அவருடைய ஆராய்ச்சியில் முதலாவது பெரும்படி 1983-ல் நிகழ்ந்தது. அக்காலத்துப் புற்றுநோயை உண்டாக்கும் ஜீன்கள் சில கண்டறியப்பட்டு, வைத்திய உலகம் அவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அத்தகைய ஜீன் ஒன்று, புற்றுநோய் சிறிதும் இல்லாத நல்ல ஈரலிலேயே, ஒரு பாகத்தை நீக்கியபின் வளர்ச்சி நடைபெறும்போது கிளர்ந்தெழுகின்றது எனப் பௌஸ்டோவும் உடனுழைத்தோரும் "ஸயன்ஸ்" பத்திரிகையில் வெளியிட்டனர். தொடர்ந்து ஆராய்ந்தபோது, இவ்வகை ஜீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாது எழுந்து, தம் வேலை முடிந்தவுடன் அடங்கிவிடுகின்றன என்பதை 1986-ல் எடுத்துக்காட்டினர்.

இதன் பொருளைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நோயை உண்டாக்கும் தீய பொருள் என்று கருதப்பட்டது, உண்மையில் உடல் தன்னைச் செப்பனிட வைத்திருக்கும் கருவியே. வளர்தல் மட்டுமே நலமன்று. நிற்க வேண்டிய இடத்தில் நிற்றலும் சேர்ந்தாலே நலம். அடுப்பில் எரியும் தீ சோறாக்குகின்றது. அதே தீ கூரையில் ஏறினால் வீட்டை எரிக்கின்றது. 1989-ல் அவர் குழுவினர், வளரும் ஈரலணு டி.ஜி.எப். ஆல்பா என்னும் வளர்ச்சிப் பொருளைத் தானே சுரந்து தன்னையே ஊக்குகின்றது எனக் காட்டினர். மறு ஆண்டில் வேறோர் ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து, அப்பொருளை ஓயாது மிகுதியாகச் சுரக்குமாறு செய்யப்பட்ட சுண்டெலிகளுக்கு ஈரலிற் புற்று உண்டாவதைக் கண்டனர். வளர்ச்சியைத் தூண்டும் மருந்து என்று எவரேனும் எதனையேனும் கொணர்ந்தால், "இதனை நிறுத்துவது எது?" என்று கேட்க வேண்டும் என்பது இதனாற் கிடைத்த பாடம்.

இரண்டாவது பெரும்படி, உயிரணு விழித்தெழும் முறையைக் கண்டது. அமைதியாக இருக்கும் ஈரலணு, ஊக்கும் பொருளைக் கண்டவுடன் பெருகத் தொடங்கிவிடுவதில்லை. விதைக்குமுன் நிலத்தை உழுது நீர் பாய்ச்சுவதுபோல, அதனை முதலில் ஆயத்தப்படுத்த வேண்டியிருக்கின்றது. டி.என்.எப். என்னும் பொருள் அவ்வாயத்தத்தைத் தொடங்கிவைக்கின்றது என்பதை 1997-ல் அவர் குழுவினர் தெளிவாக்கினர். அப்பொருளைப் பெறும் வாயில் இல்லாது பிறந்த சுண்டெலிகளின் ஈரல், வெட்டப்பட்டபின் செவ்வனே வளரவில்லை. இந்த டி.என்.எப். சாதாரணமாக வீக்கத்தையும் திசுக்களின் அழிவையும் உண்டாக்குவதாகப் பெயர்பெற்றது. இங்கும், தீயதென்று ஒதுக்கப்பட்டதே தக்க இடத்தில், தக்க அளவில், உயிர்காக்கும் ஏவலாளாக நிற்பதைக் காண்கின்றோம்.

இனி, ஸ்டெம் ஸெல் விஷயம். ஸ்டெம் ஸெல் என்பது மூல உயிரணு. தான் குறையாமற் பெருகுவதோடு, பல வகை உயிரணுக்களாகவும் மாற வல்லது. நம் எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல உயிரணுக்களே இரத்தத்தின் அணுக்களையெல்லாம் நாள்தோறும் ஆக்கித் தருகின்றன. ஈரல் இவ்வளவு விரைவில் வளர்தலின், அங்கும் இத்தகைய மூல உயிரணுக்களே அவ்வேலையைச் செய்கின்றன போலும் எனப் பலர் எண்ணினர். எண்ணுதல் எளிது; காண்டல் அரிது. ஈரலின் ஒரு பாகத்தை வெட்டியபின் பெருகுவன, தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கும் முதிர்ந்த ஈரலணுக்களே. மூன்றில் இரண்டு பாகம் போனாலும், எஞ்சிய அணுக்கள் சராசரியாக இரண்டு முறைக்கும் குறைவாகப் பிளந்தாலே இழந்தது நிரம்பிவிடும். யாம் முன்பு கூறிய உவமையில், வெளியூரினின்று யாரும் வந்து உழவில்லை. வீட்டிலிருந்தோரே கூடுதலாக உழைத்தனர்.

ஆயின் ஈரலில் மூல உயிரணு இல்லவே இல்லையோ எனின், அவ்வாறும் அன்று. முதிர்ந்த ஈரலணுக்கள் பெருக முடியாதபடி நஞ்சாலோ நோயாலோ தடுக்கப்பட்டபோது, பித்தநீர்க் குழாய்களின் அருகிலிருந்து சிறிய முட்டை வடிவான உயிரணுக்கள் கிளம்புகின்றன. இவற்றுக்கு ஓவல் ஸெல் என்று 1956-ல் பார்பர் என்னும் அறிஞர் பெயரிட்டார். இவ்வுயிரணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்து, அவற்றின் ஜீன்களை ஆராய்ந்து, அவை ஈரலணுவாக மாறக்கூடிய முன்னோடி அணுக்கள் என்ற கொள்கையை வலியுறுத்தியோருள் பௌஸ்டோ முதன்மையானவர். 2006-ல், மனிதக் கருவின் ஈரலினின்று பல வகையாக மாற வல்ல முன்னோடி அணுக்களைப் பிரித்தெடுத்த செய்தியையும் அவர் குழுவினர் வெளியிட்டனர். ஆகவே ஸ்டெம் ஸெல்லை இகழ்ந்தவர் அல்லர் அவர். அதனைத் தம் கையால் எடுத்து வளர்த்தவர். அத்தகையவர் எச்சரிக்கை கூறும்போது அதற்குத் தனி மதிப்புண்டு.

அவ்வெச்சரிக்கைக்குரிய காலம் விரைவில் வந்தது. 1999-லும் 2000-லும், எலும்பு மஜ்ஜையின் அணுக்கள் ஈரலுக்குச் சென்று ஈரலணுக்களாக மாறுகின்றன என்று காட்டும் கட்டுரைகள் பெயர்பெற்ற பத்திரிகைகளில் வெளிவந்தன. உலகமே உவந்தது. இனி ஈரல் மாற்றும் அறுவையே வேண்டா. மஜ்ஜையை எடுத்து ஏற்றினாற் போதும் என்று பலர் பேசத் தலைப்பட்டனர். ஆனால் 2003-ல் "நேச்சர்" பத்திரிகையில் ஒருங்கே வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் உண்மையை வெளிப்படுத்தின. மஜ்ஜையணு ஈரலணுவாக மாறவில்லை. நோயுற்ற ஈரலணுவோடு ஒட்டிக் கலந்து ஓரணுவாயிற்று என்பதே அவ்வுண்மை. அவ்விரண்டனுள் ஒன்று பௌஸ்டோ பணிபுரிந்த ஸியாட்டில் ஸர்வகலாசாலையிலேயே வேறு அறிஞரால் நடத்தப்பெற்றது. 2004-ல் பௌஸ்டோ இத்துறை முழுவதையும் சீர்தூக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஈரல் வளர்ச்சியில் முதிர்ந்த ஈரலணுவின் பங்கு இது, முன்னோடி அணுவின் பங்கு இது என்று வரையறுத்து, மஜ்ஜையணு ஈரலணுவை உண்டாக்குதல் மிக அரிது என்பதை அதில் விளக்கினார். நாடெங்கும் ஆரவாரம் எழுந்தபோது, தாம் கண்டதற்கு மேல் ஓரடியும் செல்லாது நின்ற அந்த நிதானமே யாம் அவரிடத்துப் பெரிதும் மதிப்பது.

அவர் காலத்துக்குப் பின்னும் அந்த நிதானம் சரியென்றே காணப்பட்டது. ஈரல் இறுகிச் சுருங்கும் ஸிரோஸிஸ் நோயாளிகள் 81 பேரைக் கொண்டு பிரிட்டனில் ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும், ஒரு பிரிவினருக்கு மூல உயிரணுவை மஜ்ஜையினின்று வெளிக்கொணரும் மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு அம்மருந்தோடு அவர்களுடைய மூல உயிரணுக்களும் அளிக்கப்பட்டன. 2018-ல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் ஈரலின் நிலை மேம்படவில்லை. ஆராய்ச்சி நின்றுவிட்டதென்று எண்ணற்க. 2013-ல் ஜப்பானிய அறிஞர் மூல உயிரணுக்களினின்று ஈரலின் சிறு மொட்டுக்களை வளர்த்துக் காட்டியுள்ளனர். வருங்காலத்தில் நன்மை விளையலாம். ஆனால் விதைத்த நெல்லைக் காட்டி விருந்துக்கு அழைப்பார் சொல்லை நம்பி இலை போட்டு உட்காருதல் அறிவுடைமையாகாது.

டாக்டர் பௌஸ்டோ ஆராய்ச்சியோடு நின்றவரும் அல்லர். "அமெரிக்கன் ஜர்னல் ஆப் பத்தாலஜி" என்னும் பத்திரிகைக்குத் தலைமையாசிரியராக இருந்தார். ராபின்ஸ் என்பார் தொடங்கிய நோய்க்குறி நூற் பாடப்புத்தகத்தின் 7-ஆம், 8-ஆம் பதிப்புகளை வினய் குமார், அபுல் அப்பாஸ் என்னும் இந்தியாவைப் பிறப்பிடமாகக் கொண்ட அறிஞர் இருவரோடு சேர்ந்து பதிப்பித்தார். நம் நாட்டு வைத்தியக் கலாசாலைகளிற் பயில்வோர் கையில் தவறாது இருக்கும் புத்தகம் அது. நம் குலத்துப் பிள்ளைகளுள் வைத்தியம் பயின்றோர் அட்டையில் அவர் பெயரைக் கண்டிருப்பர். கடல் கடந்த ஆசிரியர் ஒருவர் நம் பிள்ளைகளுக்கும் ஆசிரியராயினார் என்பதே நமக்கும் அவருக்கும் உள்ள மெய்யான உறவு.

இனி, இவையனைத்தும் நம் வீட்டு வாயிலில் என்ன பயனைத் தருகின்றன என்று பார்ப்போம். முதலில் ஈரல் ஈதல். உயிரோடிருப்பவர் ஈரலின் ஒரு பாகத்தை எடுத்து மற்றொருவர்க்கு வைக்கும் முயற்சி, பௌஸ்டோ பயின்ற சாவோ பாவுலோ நகரத்தில் 1988-ல் முதன்முதல் நடந்தது. மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் அது வெற்றிபெற்றது. நம் நாட்டில் 1998-ல் தில்லி நகரத்தில், தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பாகம் வைக்கப்பட்டு அக்குழந்தை பிழைத்து வளர்ந்தது. ஈந்தவரிடத்தும் பெற்றவரிடத்தும் ஈரல் வளரும் என்ற உண்மையே இச்சிகிச்சைக்கு அடித்தளம். எலிகளைக் கொண்டு பௌஸ்டோ போன்றோர் பல்லாண்டு பொறுமையோடு கற்ற பாடம் இங்கே மனித உயிரைக் காக்கின்றது. ஆதலின் "ஈரலை அறுத்துக் கொடுத்தால் ஆயுள் முழுதும் நோயாளியாவாய்" என்று வீட்டார் அச்சுறுத்துதல் தவறு.

ஆயினும் "வளர்ந்துவிடும்" என்ற ஒரு சொல்லைக் கூறி, ஈதலை மயிர் களைவதுபோல் எளிதென்று காட்டுதலும் தவறே. ஈவோர்க்கும் அது பெரிய அறுவை. ஈவோர் ஆயிரவருள் ஏறக்குறைய 2 முதல் 5 பேர் வரை இறக்கக்கூடும் என்பது உலகில் பொதுவாகக் கூறப்படும் மதிப்பு. வேறு பலர்க்குப் பித்தநீர் கசிதல், சீழ் பிடித்தல் முதலிய இடர்கள் நேரலாம். முதல் சில வாரங்களில் ஈரல் விரைந்தும் பின்னர் மெல்லவும் வளர்ந்து, ஓராண்டில் பழைய அளவை நெருங்குகின்றது. ஆனால் நீக்கிய மடலும் அதன் நாளங்களும் மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின் ஒருவர் இரண்டாம் முறை ஈரல் ஈதல் இயலாது. கொழுப்பு மிகப் படிந்த ஈரலுடையார் ஈதற்குத் தக்கவர் அல்லர். ஸிரோஸிஸால் இறுகிய ஈரலோ, வளரும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அனைவரும் நோய்வாய்ப்பட்டிருந்தால் நிலத்தை யார் உழுவது? மதுவை விலக்குதலும், உடற்பருமனையும் நீரிழிவையும் அடக்குதலும், பி வகை ஈரல் அழற்சிக்குரிய தடுப்பூசியைப் பிள்ளைகளுக்குத் தவறாது போடுதலும், அந்த ஆற்றல் கெடாமல் இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

இவ்விடத்துத் தாய்மார்கள் பொருட்டு ஒன்று கூற விரும்புகின்றோம். நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பை ஈவோருள் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோருள் பெரும்பாலோர் ஆண்கள். அன்பினால் ஈவது போற்றத் தக்கது. ஆனால் மருமகள், விதவைச் சகோதரி, மணமாகாத மகள் ஆகியோர் "இல்லை" என்று சொல்ல வாயின்றி ஈவது தானம் ஆகாது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், ஈவோர் வயதுவந்தவராயும், ஆபத்துக்களை அறிந்து தம் விருப்பத்தால் இசைந்தவராயும் இருத்தல் வேண்டும் என்கின்றது. சட்டம் கேட்கும் அவ்விருப்பத்தைக் குடும்பமும் கேட்க வேண்டும். ஈவோரை மற்றவர் இல்லாத தனியிடத்தில் வைத்தியர் கேட்டறியுமாறு நாமே வேண்டிக்கொள்வோம். அவர் மறுத்தால் காரணம் கேளாமல் விட்டுவிடுவோம். இசைந்து ஈந்தவர்க்கு, அவர் வேலைக்குச் செல்லவியலாத மாதங்களில் குடும்பச் செலவுக்கு உதவச் சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டுமென நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம். நோயாளிக்கு நன்கொடை திரட்டப் பலர் முன்வருகின்றனர். ஈந்தவளுக்கு மூன்று மாதம் அரிசி வாங்கித் தருவோரைக் காண்டல் அரிதாயிருக்கின்றது.

இரண்டாவது, ஸ்டெம் ஸெல் விளம்பரங்கள். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2017-ல் வகுத்த நெறிமுறையில், சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு மஜ்ஜையின் மூல உயிரணுவை மாற்றி வைத்தல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையென்றும், மற்றவை அனுமதி பெற்ற பரிசோதனைகளுக்கு உட்பட்டே நடைபெற வேண்டுமென்றும் வரையறுத்தது. ஆகவே ஈரல் நோய்க்கு ஸ்டெம் ஸெல் செலுத்துவோம் என்று யாரேனும் கூறினால் மூன்று வினாக்களை வினவுக. இஃது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையா, பரிசோதனையா? பரிசோதனையாயின், அனுமதியும் பதிவு எண்ணும் எங்கே? பரிசோதனைக்கு நோயாளியிடம் இலட்சக்கணக்கில் பணம் கேட்பது எதனால்? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்காத இடத்தில் நிலத்தை விற்ற பணத்தை வைக்கற்க. ஒரு குடும்பம் அவ்வாறு செலவிட்டபின் உண்மையாகப் பயன்படும் அறுவைக்குப் பொருளும் காலமும் இல்லாது நின்றதை யாம் அறிவோம்.

மூன்றாவது, உயிரோடிருப்பவரை வருத்தாத வழி ஒன்றும் உண்டு. மூளை இறந்தாரின் உறுப்புக்களைப் பெற்று மற்றவரை வாழ்விக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் அரசினரால் முறைப்படுத்தப்பட்டு நடைபெறுகின்றது. 2023 முதல் அவ்வாறு ஈந்தார்க்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தப்பெறுகின்றது. ஒருவர் இவ்வழியில் ஈந்தால், எங்கோ ஒரு வீட்டில் மகளோ மனைவியோ கத்திக்கு உட்படாமல் நோயாளி பிழைக்கின்றார். இறந்தபின் உடல் குறையக் கூடாதென்று தயங்குவோர், எரியும் நெருப்புக்கும் புதைக்கும் மண்ணுக்கும் போகும் ஈரல் ஒரு குழந்தைக்குப் போவதில் என்ன குறை என்று தம் மனத்தையே கேட்டுப் பார்க்க வேண்டும். இச்சம்மதத்தை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல் இன்றியமையாதது. அந்நேரத்தில் விடை சொல்ல வேண்டியவர் அவர்களே.

அன்பர்களே! டாக்டர் பௌஸ்டோ எந்த ஒரு மருந்தையும் கண்டுபிடித்துத் தம் பெயரைச் சூட்டியவர் அல்லர். ஓர் உறுப்பு எவ்வாறு இழந்ததை நிரப்பிக்கொண்டு, நிரம்பியவுடன் எவ்வாறு நிற்கின்றது என்பதை எலிகளிடத்து ஆண்டுக்கணக்காகப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதினார். நம் குலத்து இளைஞருள் விஞ்ஞானம் பயில்வோர் இவ்வழியைப் பின்பற்றுவாராக. ஏனையோர், வைத்தியர் கூறும் நற்சொல்லுக்கும் விளம்பரம் கூறும் இன்சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து, ஈவோரைக் காத்து, நோயாளரையும் காப்பாராக.